மழைக்கால இனிப்பை நல்லதாக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

ஐப்பசி மழை பிடித்தால் தை பிறக்கும்வரை குமரி மாவட்டத்து அடுக்களைகளில் இனிப்புக்கு ஓய்வில்லை. தீபாவளிக்கு முந்திரிக்கொத்து, கார்த்திகைக்குத் திரளி இலையிலும் பனையோலையிலும் கொழுக்கட்டை, மார்கழியில் திருவாதிரைக் களி, கிறிஸ்துமஸுக்கு வட்டயப்பம், இடையில் விருந்து வந்தால் பிரதமன் என்னும் தேங்காய்ப்பால் பாயாசம். மலையோரம் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியற்காலை கொஞ்சம் குளிரும். மற்றபடி நமக்குக் குளிர்காலம் என்றால் மழைதான். அந்த ஈரத்தில் சூடாக ஒரு கிண்ணம் பாயாசத்தை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால், 'உடம்புக்கு நல்லதாகச் செய்கிறேன்' என்று தொடங்குகிறவர்களில் பலர் சுவையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இனிப்பின் அளவோ அப்படியே இருக்கிறது. எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

கருப்பட்டிக்கு மாறினால் போதும் என்று நினைப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நம் ஊரில் கருப்பட்டி மேல் உள்ள பாசம் நியாயமானது. அதன் மணம் வேறு எதிலும் கிடைக்காது. கொஞ்சம் தாதுச் சத்தும் அதில் உண்டு. ஆனால் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் கலோரியில் பெரிய வேறுபாடு கிடையாது. அதிலிருந்து கிடைக்கும் சத்துக்காக அதை உண்பதென்றால், தாங்க முடியாத அளவு இனிப்பையும் சேர்த்து உண்ண வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாம் உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று சொன்னது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். தேனும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இதை ஒரு பருப்புப் பிரதமனுக்குப் போட்டுப் பாருங்கள். 250 கிராம் பருப்புக்கு 500 கிராம் வெல்லம் என்று வைத்து, அதைப் பன்னிரண்டு கிண்ணமாகப் பகிர்ந்தால், ஒரு கிண்ணத்தில் 40 கிராமுக்கு மேல் வெல்லம். சீனியோ வெல்லமோ கருப்பட்டியோ, கணக்கு ஒன்றுதான். அதே பருப்புக்கு 300 கிராம் போட்டால் கிண்ணத்துக்கு 25 கிராம். மாற்ற வேண்டியது இந்த எடையைத்தான்.

ஒரே நாளில் பாதியாக்குவது

300 கிராம் என்றதும் இன்றைக்கே அப்படிச் செய்து வைத்தால் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். முதல் முறை கால் பங்கு குறையுங்கள். நாக்கு பழகியபின் அடுத்த கால் பங்கு. குறைத்த இடத்தை வேறு மணமும் சுவையும் நிரப்ப வேண்டும். பருப்பை வாசம் வரும்வரை பொறுமையாக வறுப்பது, சுக்கும் ஏலக்காயும் அப்போதே இடித்துப் போடுவது, இரண்டு சிட்டிகை உப்பு சேர்ப்பது எல்லாம் இதற்கு உதவும். உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இனிப்பை அடுப்பில் கொதிக்கும்போது ருசி பார்ப்பதும் சரியல்ல. இளஞ்சூட்டில்தான் இனிப்பு நன்றாகத் தெரியும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்தால் மங்கிவிடும். ஆகவே, இளஞ்சூட்டில் ருசி பார்த்து, அதே சூட்டில் பரிமாறுங்கள். குறைந்த வெல்லமே போதும் என்பது அப்போது தெரியும்.

பழத்தின் இனிப்பையும் பயன்படுத்தலாம். நன்றாகக் கனிந்த ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழத்தை) அவித்து, நார் எடுத்து மசித்துப் பாயாசத்தில் சேர்த்தால், இனிப்போடு கெட்டியும் கிடைக்கும். ஜவ்வரிசி போட்டுக் கெட்டியாக்குவதை விட இது எவ்வளவோ மேல். ஜவ்வரிசி மரச்சீனிக் கிழங்கின் (மரவள்ளியின்) வெறும் மாவுச்சத்துதான், வேறு ஒன்றுமில்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழம் கிடைத்தால், அதைப் பாயாசத்தில் போட்டு வேகவைக்காதீர்கள், அதன் மணம் போய்விடும். இறக்கியபின் நறுக்கிப் போடுங்கள். சக்கைப் (பலாப்பழப்) பிரதமன் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது: சக்கைக் காலம் முடிந்து இந்த மாதங்களில் கைக்கு வருவது வெல்லம் போட்டுக் கிளறி வைத்த சக்கை வரட்டிதான். அதிலேயே இனிப்பு இருக்கும்போது மறுபடி வழக்கமான அளவு வெல்லம் சேர்த்தால் இரட்டிப்பாகிவிடும்.

தேங்காய்ப்பாலை எடுத்துவிட்டு ஆடை நீக்கிய பால் ஊற்றுவது

கொழுப்பைக் குறைக்கலாம் என்று செய்கிறார்கள். வெல்லத்தின் புளிப்பில் கொதிக்கும் பால் திரிந்துபோகும். பிறகு அதை மறைக்கக் கண்டென்ஸ்டு மில்க் ஊற்ற வேண்டியிருக்கும். பிரதமன் பிரதமனாக இருக்கட்டும். தேங்காயை நன்றாகப் பிழிந்து மூன்றாம் பாலில் பருப்பை வேகவைத்து, இரண்டாம் பாலில் வெல்லத்தோடு காய்ச்சி, ஒன்றாம் பாலை மட்டும் வழக்கத்தில் பாதி எடுத்து, அடுப்பை அணைத்தபின் ஊற்றுங்கள். ஒன்றாம் பால் கொதித்தால் பிரிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியில் சேர்ப்பதால் குறைந்த அளவிலேயே அதன் மணம் முன்னால் நிற்கும். தேங்காய்க் கொத்தை ஒரு ஸ்பூன் நெய்யில் வறுங்கள். முந்திரியை வெறும் சட்டியில் வறுத்தாலே போதும்.

கொழுக்கட்டையையும் முந்திரிக்கொத்தையும் ஒரே மாதிரி நடத்துவது

ஓலைக் கொழுக்கட்டை ஆவியில் வேகிறது, எண்ணெய் இல்லை. சரி. ஆனால் அதில் வெல்லத்தைக் குறைத்தால் மாவு வறண்டு, ஆறியதும் கல்லாகிவிடும். வெல்லம் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். அந்த ஈரத்தை வேறு வழியில் கொடுக்க வேண்டும். துருவிய தேங்காயைச் சற்றுக் கூட்டுங்கள், கொதிநீர் விட்டுப் பிசையுங்கள், ஒரு கனிந்த பழத்தை மசித்துச் சேருங்கள். அரிசி மாவின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அவித்த சிறுபயறு போடுவது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். புரதமும் நார்ச்சத்தும் கூடும், இரண்டு கொழுக்கட்டையிலேயே வயிறு நிறையும். ஆவியில் வெந்தது என்பதற்காக ஆறு தின்றால் பலன் இல்லை.

முந்திரிக்கொத்தின் விஷயம் வேறு. வறுத்து உடைத்த சிறுபயறும் தேங்காயும் எள்ளும் சேர்ந்த அந்த உருண்டை ஏற்கெனவே நல்ல உணவுதான். வெல்லப்பாகுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது, பல நாள் கெடாமலும் வைக்கிறது. பாகைக் குறைத்தால் உருண்டை உதிரும், சீக்கிரம் கெடும். குறைத்துத்தான் செய்வேன் என்றால் இரண்டு நாளில் தீரும் அளவு மட்டும் பிடியுங்கள். எண்ணெய் சரியாகக் காயுமுன் போடுவதுதான் இங்கே பெரிய தவறு. மேல்மாவு எண்ணெயைக் குடித்துவிடும். பலகாரம் சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெயிலும் வேண்டாம். பணியாரச் சட்டியில் சுடலாம், அது மென்மையாக வேறு ஒரு பலகாரமாக வரும். என்னைக் கேட்டால், எண்ணெயில் முறையாகப் பொரித்த இரண்டு முந்திரிக்கொத்தை நிதானமாகச் சாப்பிடுவது நல்லது.

'சிறுதானியம்' என்ற பெயரை நம்புவது

தினையும் கேழ்வரகும் நல்லவை. ஆனால் நைசாக அரைத்த மாவில், அதே அளவு வெல்லத்தில் செய்தால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். முழுத் தானியமாகவோ ரவையாக உடைத்தோ வேகவையுங்கள். உளுந்தங்களிக்குத் தோல் நீக்கிய வெள்ளை உளுந்தை விடத் தோலோடு வறுத்த கறுப்பு உளுந்து சிறந்தது. நல்லெண்ணெயை ஒரேயடியாக நிறுத்தினால் களி சட்டியில் பிடித்துக் கட்டி தட்டும். சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள். 'சீனி சேர்க்காதது' என்று விற்கும் பேரீச்சம்பழ உருண்டையிலும் கவனம் தேவை. பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

விருந்தில் பாயாசத்தோடு போளியும் வந்தால் அது இரண்டு இனிப்பு. இரண்டையும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிக்கென்று தனியாக ஒன்று செய்வது

கருப்பட்டிப் பாயாசம் அவர்களுக்கு ஆகும் என்று அன்பாக ஊற்றிக் கொடுப்பது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. அது அவர்கள் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். செயற்கை இனிப்பூட்டி சேர்க்கிறவர்கள் அதன் வகையைப் பார்க்க வேண்டும்; ஆஸ்பார்டேம் நெடுநேரம் கொதித்தால் இனிப்பை இழந்துவிடும், இறக்கியபின்தான் சேர்க்க வேண்டும். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் நச்சு அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம். மார்த்தாண்டத்துத் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.