தூண்டில் ராடு ஹேண்டிலுக்கு வீட்லயே கயிறு சுத்துறது எப்படி?

ராடு நல்லாத்தான் இருக்கு, கைப்பிடி மட்டும் பிய்ஞ்சு பல்லிளிக்குதுன்னா புது ராடெல்லாம் வாங்க வேணாம், ஒரு சாயங்காலம் உக்காந்தா நாமளே சரி பண்ணிடலாம். ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், அதாவது சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்கிற ட்யூப், போடுறவங்களும் இருக்காங்க, ஆனா அதுக்கு நல்லா சூடு காட்டணும், சூடு ஓவரா போனா ராடுல இருக்க எபாக்ஸி பசை இளகிடும், அதனால முதல் தடவை பண்றவங்களுக்கு என் ஓட்டு கயிறுக்குத்தான்.

வேண்டியது 2 மில்லிமீட்டர் காட்டன் கயிறு, டபுள் சைடு டேப், பிளேடு, ஒரு முழம் ஃபிஷிங் லைன், சூப்பர் க்ளூ. நைலான் கயிறு வேணாம், நனைஞ்சா இழுபட்டு தொளதொளன்னு ஆயிடும்.

எவ்வளவு கயிறு வேணும்? ஹேண்டில் 20 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. கனம்னு வச்சுக்கோங்க. 2 மி.மீ. கயிறுன்னா 100 சுத்து வரும், ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 8.5 செ.மீ., ஆக மொத்தம் 8.5 மீட்டர். நான் ஒரு மீட்டர் சேர்த்தே வெட்டுவேன், கடைசி நாலு சுத்துக்கு கயிறு பத்தாம போனா வர்ற கோவம் இருக்கே!

முதல்ல ரீலைக் கழட்டிட்டு பழைய டேப்பை உரிங்க. பிசுபிசுப்பு இருந்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சா போயிடும், தின்னர் மட்டும் தொடாதீங்க, வார்னிஷையும் சேர்த்து கரைச்சிடும். நல்லா காஞ்சதும் டபுள் சைடு டேப்பை நீளவாக்குல மூணு பட்டையா ஒட்டுங்க, மேல் பேப்பரை சுத்தச் சுத்த கொஞ்சம் கொஞ்சமா உரிச்சா போதும்.

இப்ப சுத்தல். ரீல் சீட் (ரீல் மாட்டுற இடம்) பக்கம் ஆரம்பிச்சு அடிப்பக்கம், அதாவது ஹேண்டிலோட கடைசி முனையில, முடிங்க. கயிறோட நுனி 4 செ.மீ. அளவுக்கு அடிப்பக்கம் பார்த்தாப்ல ஹேண்டில் மேல படுக்கட்டும், அது மேலேயே சுத்திட்டுப் போனா ஆரம்ப முனை உள்ளேயே மாட்டிக்கும். முக்கியமான விஷயம், கயிறை ராடைச் சுத்திக் கொண்டு போகாதீங்க, ராடைத் தொடை மேல வச்சு உருட்டுங்க, கயிறு மறுபக்கம் உங்க கால் கட்டைவிரலுக்கு அடியில இறுக்கமா வரட்டும், அப்பத்தான் இழுவை ஒரே மாதிரி இருக்கும். அஞ்சாறு சுத்துக்கு ஒரு தடவை நகத்தால நெருக்கித் தள்ளுங்க. முதல் தடவை நான் பாதியில ஃபோன் எடுக்கப் போய் கையை விட்டேன், அம்பது சுத்தும் பொலபொலன்னு அவுந்துடுச்சு. எழுந்திருக்கணும்னா ஒரு துண்டு டேப் ஒட்டிட்டு எழுந்திரிங்க.

கடைசி ஏழு சுத்து பாக்கி இருக்கும்போது ஃபிஷிங் லைனை ரெண்டா மடிச்சு ஹேண்டில் மேல வைங்க, வளைவு அடிப்பக்கம் பார்க்கணும், ரெண்டு வாலும் ஏற்கனவே சுத்தின பக்கம் கிடக்கணும். அது மேல அந்த ஏழையும் கொஞ்சூண்டு லூசா சுத்திட்டு, கயிறை ஒரு விரல் நீளம் விட்டு வெட்டி, நுனியை வளைவுக்குள்ள விட்டு, வாலை ரெண்டையும் சேர்த்து இழுங்க, நுனி ஏழு சுத்துக்கும் அடியில புகுந்து வெளிய எட்டிப் பார்க்கும். இந்த இடத்துல கை கொஞ்சம் வலிக்கும், இடுக்கி இருந்தா லைனை அதுல பிடிச்சுக்கோங்க. எட்டிப் பார்க்கிற முனையை பிளேடால ஒட்ட வெட்டிடுங்க.

வெட்டின இடத்துல சூப்பர் க்ளூ ஒரே ஒரு சொட்டு. காட்டன்ல பட்டா அது சட்டுனு சூடாகும், நிறைய ஊத்தினா புகையே வரும், அதனால விரல் வச்சு அழுத்தாதீங்க. மேல வார்னிஷ் அடிக்கலாமான்னா, பளபளன்னு இருக்கும், ஆனா ஈரக் கையில வழுக்கும், நான் அடிக்கிறதில்ல. ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில கையை நனைச்சு முறுக்கிப் பாருங்க, நகரலைன்னா ரீலை மாட்டிடலாம்.