தொற்றுக் காலத்தில் மலைப்பாதையில் டேஷ் கேம்: மாட்டுவதும் பயன்படுத்துவதும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று ஏறி இறங்கும் டாக்ஸி, பிக்கப் ஓட்டுநர்களுக்குத் தொற்று பரவும் காலத்தில் டேஷ் கேம், அதாவது முன்கண்ணாடியில் மாட்டிப் பயணத்தைப் பதிவு செய்யும் கேமரா, இரண்டு விதத்தில் கைகொடுக்கும். வண்டிகள் உரசிக்கொண்டால் முகத்துக்கு முகம் நின்று கத்த வேண்டியதில்லை, சாட்சி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. யாருக்காவது தொற்று உறுதியானால், எந்தச் சவாரி, எத்தனை நிமிடம், ஜன்னல் திறந்திருந்ததா, முகக்கவசம் போட்டிருந்தாரா என்பதை யோசித்துத் தடுமாறாமல் பார்த்தே சொல்லலாம். வைரஸைத் தடுப்பது முகக்கவசமும் காற்றோட்டமும்தான், கேமரா அல்ல. கேமராவையும் சமவெளியில் மாட்டுவதுபோல மாட்டினால் மலையில் இந்த இரண்டு வேலையும் நடக்காது.

முதலில் இடம். உள்கண்ணாடிக்குப் பின்னால், இடதுபக்கமாக, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் லென்ஸ் வர வேண்டும். வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டினால் குன்னூர் ஏற்றத்தில் பர்லியார் தாண்டி மேகம் இறங்கியதுமே படம் போய்விடும். ரப்பர் உறிஞ்சியில் நிற்கும் மாடலைத் தவிர்ப்பது நல்லது. அடிவாரத்து வெயிலில் இளகும் ரப்பர், மேலே குளிரில் இறுகிப் பிடி விட்டுவிடும், கொண்டை ஊசி வளைவில் கேமரா மடியில் விழும். இருபக்க டேப்பில் ஒட்டும் தாங்கியே சரி. ஆனால் ஊட்டியின் காலைக் குளிரில் டேப் ஒட்டாது. நண்பகலில், கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கேமராவை ஒரு நாள் கழித்து அதில் மாட்டுங்கள்.

கோணத்தில் பலரும் தவறுவது வானத்தை அதிகம் காட்டுவதில். வெளிர்ந்த வானம் பாதிப் படத்தை எடுத்துக்கொண்டால், கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட் கருத்துப்போகும். சமதளத்தில் நிறுத்தி, அடிவானம் படத்தின் நடுவில் வரும்படி வையுங்கள். ஏற்றத்தில் சாலை படத்தின் மேல்பாதிக்கு ஏறிவரும் என்பதால் அதைவிடக் கீழே சாய்க்க வேண்டாம்.

பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கும் பாகம்) உள்ள கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். முன்கண்ணாடி வெயிலில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும்.

அடுத்தது ஜி-சென்சார், அதாவது அதிர்வை உணர்ந்து மோதல் என்று கணிக்கும் பாகம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் உணர்திறன் பெரும்பாலும் நடுத்தர அளவில் இருக்கும். மலைப்பாதையின் குழி, வேகத்தடை, வளைவில் போடும் பிரேக் எல்லாமே அதற்கு மோதல்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபைலைப் பூட்டி வைக்கும். கேமரா பழைய ஃபைலை அழித்து அதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், ஆனால் பூட்டிய ஃபைலின் மேல் மறுபதிவு நடக்காது. சில நாட்களில் மெமரி கார்டு நிறைந்து, பல மாடல்களில் பதிவே நின்றுவிடும். மிகக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, தேவையானபோது கையால் பூட்டும் பொத்தானை அழுத்துவதே நம்பகமானது.

கார்டின் அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 1080 பிக்சல் முன் கேமரா, நொடிக்கு 15 மெகாபிட் என்றால், மணிக்கு 7 ஜிபி-க்குக் கொஞ்சம் குறைவு. பயணியைப் பதிவு செய்யும் உட்புறக் கேமராவும் சேர்ந்தால் மணிக்கு 10, 11 ஜிபி. கோவிட் தொடர்பைத் தேடும்போது, அதாவது தொற்றியவரோடு பழகியவர்களைக் கண்டறியும்போது, அறிகுறி தொடங்குவதற்கு 2 நாள் முன்பிருந்து சுகாதாரத் துறையினர் விவரம் கேட்டார்கள். நாளுக்கு 6 மணி நேரம் ஓடும் டாக்ஸிக்கு அந்த 2 நாளுக்கு மட்டும் 12 மணி நேரம், கிட்டத்தட்ட 128 ஜிபி. அறிகுறிக்குப் பிந்தைய நாட்களுக்கும் பூட்டிய ஃபைல்களுக்கும் இடம் வேண்டும் என்பதால், கேமரா ஏற்குமானால் 256 ஜிபி போடுங்கள். ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று போட்ட கார்டாக இருக்கட்டும். போனுக்கான சாதாரணக் கார்டு ஓயாத எழுத்தைத் தாங்காது. மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மெட் செய்யுங்கள்.

இனி காற்று. மலை ஓட்டுநர் குளிருக்காக எல்லா ஜன்னலையும் ஏற்றி, ஏசியை உட்சுழற்சியில் வைப்பார். நாலு பேர் மூச்சின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து, கேமராவுக்கு வெறும் வெள்ளைத்திரைதான் தெரியும். அதே மூச்சில்தான் தொற்றும் சுற்றும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வெளிக்காற்று லீவரைத் திறந்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெப்பநிலையை ஏற்றி, ஏசியையும் போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும். ஏசி இல்லாத வண்டியில், பயணி இடது பின்சீட்டில் இருந்தால், முன் இடது ஜன்னலையும் பின் வலது ஜன்னலையும் மூன்று விரல் இறக்குங்கள். காற்று குறுக்கே ஓடி உங்கள் இருவருக்கும் நடுவே திரைபோல நிற்கும். முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று இதற்குப் பொருள் அல்ல.

உட்புறக் கேமரா வைத்தால் பயணி ஏறும்போதே சொல்லிவிடுங்கள், கதவில் ஒரு ஸ்டிக்கரும் இருக்கட்டும். ஒலிப்பதிவை அணைத்து வையுங்கள். சும்மா மூச்சுவிட்ட பயணியின் முகம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ‘இருமினார்’ என்ற குறிப்போடு சுற்றினால், அந்தக் குடும்பத்துக்குத் தெருவில் பால்கூடக் கிடைக்காத நிலை வரும். தொற்று உறுதியானால் சுகாதாரத் துறையிடம் மட்டும் கொடுங்கள். ஒரு சிறு நோட்டில் சவாரி நேரம், ஏறிய இடம், இறங்கிய இடம், போன் எண் எழுதி 14 நாள் வைத்திருங்கள். அவசரத்தில் ஃபைல்களைத் தேடுவதைவிட அந்த நோட்டுதான் முதலில் உதவும்.

உரசல் நடந்துவிட்டால், இறங்குவதற்கு முன் பூட்டும் பொத்தான். அதன்பின் அபாய விளக்கு, முகக்கவசம். வளைவுக்கு முன்பே தெரியும்படி மேல்பக்கமும் கீழ்பக்கமும் எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள், இல்லாவிட்டால் மரக்கிளையாவது போடுங்கள். காயம் என்றால் 108, வேறெதுவும் அப்புறம். காயம் இல்லையென்றால் நின்ற நிலையைப் போனில் நாலு பக்கமும் எடுத்துக்கொண்டு, அகலமான இடத்துக்கு வண்டியை ஒதுக்குங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று லைசென்ஸ், இன்சூரன்ஸ் தாள்களைப் படமெடுங்கள், கைமாற்ற வேண்டாம். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. இறங்கும் வண்டி நின்றதா இல்லையா என்பதே பல வாக்குவாதங்களின் மையம், அதற்கு வீடியோவில் விடை இருக்கும்.

கார்டைப் பதிவு ஓடும்போது உருவாதீர்கள், கடைசி ஃபைல், அதாவது உங்களுக்கு வேண்டிய ஃபைல், கெட்டுவிடும். கேமராவை அணைத்து, விளக்கு அணைந்தபிறகு எடுங்கள். 3 நிமிட ஃபைல் சுமார் 340 எம்பி. மலைப்பாதையின் மோசமான சிக்னலில் அனுப்ப முயலாமல் கேமரா வைஃபையில் போனுக்கு இறக்கி, வீடு போய் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ‘வீடியோ’வாக அனுப்பினால் சுருங்கி நம்பர் பிளேட் மங்கும், ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள். வெட்டாமல் முழு ஃபைல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. வழக்கு வரும்போலிருந்தால் அசல் கார்டையே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள்.

செக்போஸ்ட்டில் நிற்பது இப்போதும் பழகியதுதான். 2020-ல் கொரோனாவுக்காக வந்த இ-பாஸ் (இணையத்தில் பதிந்து வாங்கும் பயண அனுமதி), 2024 மே 7 முதல் சுற்றுலா நெரிசலுக்காக நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் திரும்ப வந்தது. பாஸ் உள்ள போனைக் கண்ணாடிக்கு உள்ளிருந்தே காட்டினால் போதும்.

ஊரடங்கில் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடுக்காக வண்டியின் பேட்டரியிலிருந்து நேரடி ஒயரிங் போட்டிருந்தால், பேட்டரி இறங்கியதும் கேமராவை நிறுத்தும் குறைந்த வோல்ட் துண்டிப்பை 12.4 வோல்ட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் சின்ன காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் கேமரா சில நாட்களில் ஸ்டார்ட் ஆகாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும், ஜனவரிக் குளிரில் இன்னும் சீக்கிரம். ஒரு வாரத்துக்குமேல் நிற்குமென்றால் ஃபியூஸையே உருவி வையுங்கள். சானிடைசரைக் கேமரா மேல் தெளிக்காதீர்கள், லென்ஸில் படலம் படியும். உடலை ஈரத்துணியால், லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபரால் துடையுங்கள்.

திரும்ப எடுக்கும் நாளில் முதலில் கடிகாரம். மின்சாரம் இல்லாமல் கிடந்த கேமரா தேதியைத் தொலைத்திருக்கும். தேதி தவறிய வீடியோ இன்சூரன்ஸுக்கும் உதவாது, தொடர்பைத் தேடவும் உதவாது. நேர மண்டலத்தை +5:30 ஆக்கி, கார்டை ஃபார்மெட் செய்து, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, ஒரு ஃபைலைத் திறந்து எதிர்வண்டியின் நம்பர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.