சென்ட்ரிஃபியூஜுக்கு ஏற்ற ரோட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காசநோய்ப் பரிசோதனைக்கு வரும் சளியை இளக்கித் தூய்மைப்படுத்திய பின், அதிலுள்ள கிருமிகளைக் குழாயின் அடியில் திரட்டுவதற்காக சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்சி இயந்திரத்தில் 3,000 ஜி விசையில் (ஜி என்பது புவியீர்ப்பு விசையின் மடங்கு) 15 நிமிடம் சுழற்றுவது வழக்கம். அந்தக் கிருமியின் உறையில் மெழுகு போன்ற கொழுப்பு மிகுந்திருப்பதால் அது மிதக்கப் பார்க்கும்; குறைந்த விசைக்கு எளிதில் படியாது. இந்த 3,000 ஜி என்பதை ஒருவர் 3,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள்) என்று எடுத்துக்கொண்டு, 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) சுழற்றினால், மாதிரிக்குக் கிடைக்கும் விசை ஏறத்தாழ 1,000 ஜி மட்டுமே, அதாவது தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு. கிருமிகளில் ஒரு பகுதி மேலே நிற்கும் தெளிநீரோடு கழிவுக்குப் போய்விடும். நோயுள்ள ஒருவரின் கையில் 'கிருமி காணப்படவில்லை' என்ற அறிக்கை சேர்ந்துவிடக் கூடும். இயந்திரம் நன்றாகவே ஓடியிருக்கும், எந்த எச்சரிக்கை விளக்கும் எரிந்திருக்காது. ரோட்டரைப் பற்றிப் பேசுவதை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்: மாதிரியின் மீது செயல்படும் விசையை வேகமும் ரோட்டரின் ஆரமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கணக்கு எளியது. ஆர்.பி.எம்.மை ஆயிரத்தால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தி, அதைச் சென்டிமீட்டரில் அளந்த ஆரத்தாலும் 11.18 என்ற மாறிலியாலும் பெருக்கினால் ஜி மதிப்பு கிடைத்துவிடும். ஒரே 3,000 ஆர்.பி.எம்., 8.4 சென்டிமீட்டர் ரோட்டரில் ஏறத்தாழ 845 ஜி தருகிறது. 17 சென்டிமீட்டர் ரோட்டரில் ஏறத்தாழ 1,710 ஜி தருகிறது. வேகம் வர்க்கமாகக் கணக்கில் வருவதால், வேகத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்காகும். ரோட்டரின் கையேட்டில் அதிகபட்ச ஆரம், குறைந்தபட்ச ஆரம், சராசரி ஆரம் என்று மூன்று அளவுகள் இருக்கும். படிவு சேரும் இடத்தின் விசையை அறிய அதிகபட்ச ஆரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். செய்முறை எழுதியவர் எந்த ஆரத்தை எடுத்துக்கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்.பி.எம். மட்டுமே எழுதப்பட்ட செய்முறை பாதி எழுதப்பட்ட செய்முறைதான்.

இனி ரோட்டரின் வகை. ஒரு ரோட்டரை எடுப்பதற்கு முன், சுழற்சி முடிந்ததும் குழாய்க்குள் என்ன காண விரும்புகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். இறுகிப் பிடித்த படிவு வேண்டுமா, தட்டையான எல்லையோடு பிரிந்த அடுக்குகள் வேண்டுமா, கரைசலின் நடுவே மெல்லிய வளையமாக நிற்கும் பட்டை வேண்டுமா? இந்தக் கேள்விக்கான விடையிலேயே பெரும்பாலும் ரோட்டரும் அடங்கியிருக்கிறது.

திருவிழாக்களில் சங்கிலியில் நாற்காலிகள் தொங்கும் ராட்டினத்தைப் பார்த்திருப்போம். அது வேகமெடுக்க எடுக்க நாற்காலிகள் வெளிப்புறமாக விரிந்து எழும். ஸ்விங் அவுட் ரோட்டரில் குழாய்களைத் தாங்கித் தொங்கும் பக்கெட்டுகளும் அவ்வாறே எழுந்து, முழு வேகத்தில் கிடைமட்டமாகிவிடுகின்றன. விசை குழாயின் நீளவாக்கில் செயல்படுவதால், படிவு அடிப்பகுதியில் சமமாகப் பரவுகிறது. அடுக்குகள் குழாய்க்குக் குறுக்கே தட்டையாக நிற்கின்றன. ஃபிக்ஸட் ஆங்கிள் எனப்படும் நிலைக்கோண ரோட்டரில் குழாய்கள் ஒரே சாய்வில் பொருத்தப்பட்டிருக்கும். சாய்வு பெரும்பாலும் 20 முதல் 45 பாகைக்குள் அமைகிறது. அங்கே துகள் குழாயின் அடிவரை நேராகப் பயணம் செய்வதில்லை. குறுக்காகச் சென்று வெளிச்சுவரில் மோதி, மற்ற துகள்களோடு சேர்ந்து அந்தச் சுவரின் வழியே கீழே சறுக்குகிறது. 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை 25 பாகை சாய்வில் வைத்தால், துகள் கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். அதே குழாய் ஸ்விங் அவுட்டில் இருந்தால், திரவத்தின் முழு உயரமும், 8 அல்லது 9 சென்டிமீட்டர் வரை, பயணத் தொலைவாகிவிடுகிறது. தொங்கும் பக்கெட்டுகள் இல்லாததால் நிலைக்கோண ரோட்டரைக் கூடுதல் வேகத்தில் ஓட்டவும் முடிகிறது. ஆகவே பாக்டீரியாவை அறுவடை செய்வது, பிளாஸ்மிட் எனும் வட்ட வடிவ டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது, செல் சிதைவுகளை அகற்றுவது போன்ற, படிவு மட்டுமே தேவைப்படும் வேலைகளுக்கு நிலைக்கோண ரோட்டரே பொருத்தமானது.

1.5 மில்லிலிட்டர் குழாய்களைச் சுழற்றும் சிறிய இயந்திரங்களிலும் பெரும்பாலும் இருப்பது இந்த வகைதான். எத்தனால் சேர்த்து டி.என்.ஏ.வை வீழ்படிவாக்கும்போது படிவு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அதனால் குழாய்களை வைக்கும்போதே மூடியின் கீல் வெளிப்புறம் நோக்கியிருக்குமாறு எல்லாவற்றையும் ஒரே திசையில் வையுங்கள். சுழற்சி முடிந்ததும், கீலுக்கு நேர் கீழே, அடிக்குச் சற்று மேலான சுவரில்தான் படிவு இருக்கும் என்று உறுதியாகத் தெரியும். பிப்பெட்டின் முனையை எதிர்ச்சுவரில் ஒட்டி வைத்துத் திரவத்தை மெதுவாக உறிஞ்சினால் படிவுக்குச் சேதம் வராது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுத் தருவது இதைத்தான்; இந்தச் சிறு ஒழுங்கு எத்தனையோ நாள் உழைப்பைக் காப்பாற்றியிருக்கிறது.

இரத்த ஆய்வகத்தில் நிலைமை வேறு. ஜெல் உள்ள சீரம் குழாய்களில், உறைந்த இரத்தத்துக்கும் சீரத்துக்கும் இடையே ஜெல் ஏறி நின்று தடுப்பாக வேண்டும். இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு, ஸ்விங் அவுட்டில் 1,000 முதல் 1,300 ஜி வரை, 10 நிமிடம். நிலைக்கோண ரோட்டரில் 15 நிமிடம். 17 சென்டிமீட்டர் ரோட்டரில் 1,200 ஜி பெற ஏறத்தாழ 2,500 ஆர்.பி.எம். போதும், 8.4 சென்டிமீட்டர் ரோட்டரில் ஏறத்தாழ 3,570 ஆர்.பி.எம். வேண்டும். இரண்டிலும் '3,000 ஆர்.பி.எம்., 10 நிமிடம்' என்று ஒரே பழக்கத்தில் ஓட்டினால், ஒன்றில் விசை மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் போகும். நிலைக்கோண ரோட்டரில் சுழற்றிய ஜெல் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஜெல்லின் மேற்பரப்பு ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் சரிவாக நிற்கும். இறங்கிய பக்கத்தில் ஜெல் மெலிந்திருந்தால் அங்கே செல்கள் கசிய இடமுண்டு; ஏறிய பக்கத்தில் பகுப்பாய்வுக் கருவியின் ஊசி ஜெல்லில் குத்தி அடைத்துக்கொள்ளலாம். தடுப்பு சரியாக அமையவில்லை என்று அதே குழாயை மறுபடியும் சுழற்றக் கூடாது. ஜெல்லுக்கு அடியில் செல்களோடு கலந்திருந்த சீரம் மேலே வந்து, பொட்டாசியம் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டிவிடும். இரத்தக் குழாய்களுக்கு ஸ்விங் அவுட் ரோட்டரை வாங்குவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அடுக்குகளைப் பிரிக்கும் வேலையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் கரைசலின் மீது இரத்தத்தை மெல்லப் படரவிட்டு, அறை வெப்பநிலையில் 400 ஜியில் 30 நிமிடம் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிட, லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள் இடையில் வெண்ணிற வளையமாக நிற்கும். நான் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஸ்விங் அவுட் ரோட்டர் வேறொருவர் பயன்பாட்டில் இருந்ததால், காத்திராமல் நிலைக்கோண ரோட்டரில் இதைச் செய்தேன். இயந்திரம் நின்றபோது வளையம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலான ஒரு தீற்றல் மட்டுமே இருந்தது. சாய்வாக உருவான அடுக்கு, சுழற்சி நின்றதும் தட்டையாகத் திரும்பும்போது கலைந்துபோயிருந்தது. அந்த நோயாளியிடமிருந்து மீண்டும் இரத்தம் எடுக்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. சரியான ரோட்டரைப் பயன்படுத்தினாலும், பிரேக்கை அணைத்து வைத்துத் தானாக நிற்கவிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் குழாய்க்குள் திரவம் சுழன்று அடுக்கைக் குலைத்துவிடும்.

உயர்வேக இயந்திரங்களுக்கு வரும்போது, ஒரு ரோட்டர் எவ்வளவு விரைவாகப் படிவைத் தரும் என்பதைக் கே மதிப்பு என்ற ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். அதிகபட்ச ஆரத்தைக் குறைந்தபட்ச ஆரத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையை 2,53,000 ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்த ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். எண் சிறியதாக இருந்தால் ரோட்டர் விரைவானது என்று பொருள். கே மதிப்பை, துகள் எவ்வளவு விரைவாகப் படியும் என்பதைக் குறிக்கும் ஸ்வெட்பெர்க் அளவால் வகுத்தால், 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீரில் அது படிவதற்கு ஆகும் மணிக்கணக்கு வரும். மிகு வேகத்தில் சுழலும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜை உருவாக்கி, 1926-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுவீடன் அறிஞர் தியோடர் ஸ்வெட்பெர்க்கின் பெயரால் அமைந்த அலகு அது. எடுத்துக்காட்டாக, 4.0 முதல் 8.2 சென்டிமீட்டர் வரை ஆரமுள்ள நிலைக்கோண ரோட்டரை 50,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் கே மதிப்பு ஏறத்தாழ 73. பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் 70எஸ் (70 ஸ்வெட்பெர்க்) ரைபோசோம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் படிந்துவிடும். 6.6 முதல் 15.3 சென்டிமீட்டர் வரை ஆரமுள்ள ஸ்விங் அவுட் ரோட்டரை 28,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் கே மதிப்பு ஏறத்தாழ 271. அதே ரைபோசோமுக்கு நான்கு மணி நேரம் ஆகும். பிறர் எழுதிய செய்முறையை உங்கள் ரோட்டருக்கு மாற்றும்போது, அவர்கள் தந்த நேரத்தை உங்கள் கே மதிப்பால் பெருக்கி அவர்களுடைய கே மதிப்பால் வகுத்தால் போதும்.

ரைபோசோமைப் படிவாகத் திரட்டாமல், சுக்ரோஸ் அடர்த்திச் சரிவில், அதாவது மேலிருந்து கீழாக அடர்த்தி கூடிச் செல்லும் கரைசலில், அளவு வாரியாகப் பிரிக்க வேண்டுமானால், மெதுவானது என்று தெரிந்தும் ஸ்விங் அவுட்டையே எடுக்க வேண்டும். அங்கே நீண்ட பயணத் தொலைவே பிரிப்பைத் தெளிவாக்குகிறது. மாறாக, சீசியம் குளோரைடு சரிவில் டி.என்.ஏ. தன் அடர்த்திக்குச் சமமான இடத்தைத் தேடிச் சென்று பட்டையாக நிற்கும் முறைக்கு நேரம்தான் தடை. 1958-இல் அறிவியலாளர்கள் மெசல்சனும் ஸ்டாலும் டி.என்.ஏ. இரட்டிப்பாகும் விதத்தைக் காட்டியது இந்த முறையில்தான். இதற்குச் செங்குத்து ரோட்டர் உதவும். குழாய் நிமிர்ந்தே நிற்பதால் பயணத் தொலைவு அதன் விட்டம் மட்டுமே. சுழலும்போது அடுக்குகள் பக்கவாட்டில் திரும்பி, நிற்கும்போது மீண்டும் கிடையாகப் படுக்கின்றன. ஆனால் படிவு உண்டாகக்கூடிய மாதிரியைச் செங்குத்து ரோட்டரில் வைக்கக் கூடாது. வெளிச்சுவர் முழுவதும் ஒட்டிக்கொள்ளும் அந்தப் படிவு, இயந்திரம் நின்றதும் பெயர்ந்து பட்டைகளின் மேல் விழுந்துவிடும். அத்தகைய மாதிரிக்கு ஏறத்தாழ 8 பாகை சாய்வுள்ள ரோட்டர்கள் கிடைக்கின்றன.

வகையைத் தேர்ந்த பிறகும், ரோட்டரின் மேல் பொறித்துள்ள உச்சவேகத்தை அப்படியே நம்பி ஓட்டிவிடக் கூடாது. பெரும்பாலான ரோட்டர்களில் அந்த எண், அடர்த்தி 1.2 வரையுள்ள திரவத்துக்கு மட்டுமே பொருந்தும். அடர்த்தி 1.7 ஆனால், 1.2-ஐ 1.7-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க, 0.84 வருகிறது, 50,000 ஆர்.பி.எம். ரோட்டரை 42,000-க்கு மேல் ஓட்டக் கூடாது. சீசியம் குளோரைடில் இன்னொரு ஆபத்தும் உண்டு: குழாயின் அடியில் அது படிகமாகிவிட்டால், படிகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4 என்பதால் ரோட்டரின் சுவர் தாங்காது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1998 டிசம்பரில் பால் மாதிரிகளைச் சுழற்றிக்கொண்டிருந்த ஓர் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜின் அலுமினிய ரோட்டர் உடைந்து, இயந்திரம் முற்றிலும் அழிந்தது. எஃகுக் கதவு வளைந்து, உலோகத் துண்டுகள் வெளியே பாய்ந்து, அருகிலிருந்த குளிர்பதனப் பெட்டியும் சேதமடைந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

குழாயும் ரோட்டரோடு சேர்ந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பாலிகார்பனேட் குழாய் தெளிவாக இருக்கும், ஆனால் ஃபீனால், குளோரோஃபார்ம், காரம் ஆகியவற்றில் விரிசல் விடும். அவற்றுக்குப் பாலிபுரோப்பிலீன் நல்லது. எதிரெதிர்க் குழாய்களின் எடை மட்டுமல்லாமல் உள்ளிருக்கும் திரவத்தின் அடர்த்தியும் ஒத்திருக்க வேண்டும். சீசியம் குளோரைடு குழாய்க்கு எதிரே அதே எடையுள்ள தண்ணீரை வைத்தால் அது சமநிலையாகாது. ஸ்விங் அவுட்டில் இரண்டு பக்கெட்டுகளுக்கு மட்டுமே மாதிரி இருந்தாலும், நான்கையும் மாட்டியே ஓட்ட வேண்டும். தொற்று மாதிரிகளுக்கு இறுக்கமான மூடியுள்ள பக்கெட்டுகளைப் பயன்படுத்தி, அவற்றை உயிரியல் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்தே திறக்க வேண்டும்.

அலுமினிய ரோட்டருக்குப் பெரும் பகை உப்பும் காரச் சோப்பும். சிந்திய உப்புக் கரைசலை அன்றே வெந்நீராலும் நடுநிலையான சோப்பாலும் கழுவி, குழிகளில் நீர் தேங்காதவாறு கவிழ்த்து உலர்த்துங்கள். குழிகளின் அடியில் ஊசிமுனையளவு அரிப்புப் புள்ளி தெரிந்தாலும், பரிசோதிக்கப்படும் வரை அந்த ரோட்டரை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஸ்விங் அவுட்டின் பக்கெட்டுகள் தொங்கும் முளைகளுக்கு அவ்வப்போது மசகு தடவ வேண்டும். அவை சிக்கிக்கொண்டால் பக்கெட் முழுமையாக எழாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரோட்டரின் பெயர், ஆரம், ஜி மதிப்பு, நேரம், வெப்பநிலை, பிரேக் நிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்து அந்த இயந்திரத்தின் முன் நிற்பவர், 3,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஜி என்ற எழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்காது.