கே.ஆர்.பி. அணை நீர்மட்டத்தைத் திரையில் காட்டும் முறை

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழு மட்டம் 52 அடி. அதைக் காட்ட வட்ட மீட்டர் வேண்டாம். அழகுதான், ஆனால் கோணத்தைக் கண் சரியாக அளக்காது. ஒரே அளவுகோலில் புள்ளி இருக்கும் இடத்தைத்தான் துல்லியமாகப் பிடிக்கும். புள்ளியியல் ஆய்வாளர்கள் கிளீவ்லாந்தும் மெக்கிலும் 1984-லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். தினசரி மட்டத்தைக் கோட்டு வரைபடமாகப் போட்டு, 52-இல் மெல்லிய கிடைக்கோடு இழுங்கள். தூண் வரைபடம்தான் வேண்டுமென்றால் அச்சு 0-இல் தொடங்கட்டும். 48-இல் தொடங்கினால் ஓரடி ஏற்றமே வெள்ளம் போலத் தெரியும். கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எச்சரிக்கைக்குச் சிவப்பு, பச்சை மட்டும் போதாது. நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். நீலமும் ஆரஞ்சும் வையுங்கள், கூடவே எழுத்தும். தென்பெண்ணைக் கரை வெயிலில் போன் பார்ப்பார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதம் 4.5:1-க்குக் குறையக் கூடாது. தேதியைத் தொட்டால் 0.1 நொடிக்குள் எண் வரட்டும். தாமதமானால் மறுபடி தொடுவார்கள்.