சாயா விலை குறைந்ததுக்கு ஏன் சண்டை? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அமெரிக்கப் புரட்சியைச் சொல்லிக்கொடுப்பது எப்படி

போன மாதம் அக்காள் மகள் சமூக அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இதை எப்படிப் படிக்கிறது, ஒரே சட்டமா கெடக்கு" என்றாள். பார்த்தால் அவள் சொன்னது சரிதான். சர்க்கரைச் சட்டம், முத்திரைச் சட்டம், டவுன்ஷெண்ட் சட்டங்கள், தேயிலைச் சட்டம் என்று மளிகைக்கடைச் சீட்டு மாதிரி வரிசையாக இருக்கிறது. நானும் புத்திசாலித்தனமாக ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னேன், அரை மணி நேரத்தில் பிள்ளை தாளின் மேலேயே தூங்கிவிட்டாள். அப்புறம் வேறு வழியில் போனோம், அது வேலை செய்தது. உங்கள் வீட்டிலும் இந்தப் பாடம் இழுத்துக்கொண்டிருந்தால் முயன்று பாருங்கள்.

முதலில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஊர்க் கோயில் கொடைக்கு எடுக்கிற தலைக்கட்டு வரியைப் பற்றிக் கேளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும், சர்ச் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற வீடு என்றால் அதை வைத்துச் சொல்லலாம். ஊர்க்கூட்டத்தில் அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்து சத்தம் போட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று முடிவாகிறது. முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்துவிடுவோம். நாளைக்குப் பக்கத்து ஊர் கமிட்டிக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்று, "உங்க ஊருக்கும் சேர்த்து நாங்களே பேசி முடிச்சாச்சு, ஐம்பது ரூபா குடுங்க" என்றால்? என் மருமகள் யோசிக்கவே இல்லை, "ஐம்பது பைசாகூடக் குடுக்கமாட்டோம்" என்றாள். அவ்வளவுதான், பாடத்தின் பாதி முடிந்தது. இங்கிலாந்தின் ஆட்சிக்குக் கீழே அமெரிக்காவில் இருந்த 13 குடியேற்றங்களுக்கும் (காலனிகள்) தனித்தனிச் சட்டசபை இருந்தது, அங்கே தாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் போட்ட வரியை அவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். லண்டன் பாராளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை.

அடுத்து லண்டன்காரனின் பக்கத்தைச் சொல்லுங்கள், இதை விட்டுவிட்டால் கதை சினிமா வில்லன் கதை ஆகிவிடும். பிரான்சோடு ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது இங்கிலாந்தின் கடன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. அந்தப் போரில் ஒரு பெரிய பகுதி அமெரிக்க மண்ணில்தான் நடந்தது. இங்கிலாந்தில் இருக்கிற குடியானவன் இவர்களைவிட அதிகமாக வரி கட்டிக்கொண்டிருந்தான். உங்களைக் காப்பாற்றத்தானே செலவு செய்தோம், கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று அவன் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது.

இப்போது 1764 சர்க்கரைச் சட்டம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதைச் சொன்னால் பிள்ளை மறக்காது. சாராயம் காய்ச்சுவதற்காக இறக்குமதி செய்த வெல்லப்பாகுக்கு ஒரு கேலனுக்கு 6 பென்ஸ் இருந்த வரியை இந்தச் சட்டம் 3 பென்ஸாகப் பாதியாக்கியது. அப்படியும் கோபம்தான் வந்தது, ஏனென்றால் பழைய வரியை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை, கடத்தல்தான், இந்த முறை அதிகாரிகளை நிறுத்தி வசூல் பண்ணக் கிளம்பிவிட்டார்கள்.

முத்திரைச் சட்டத்துக்கு வீட்டில் இருக்கிற பழைய பத்திரம் ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். (மூலப்பத்திரம் வேண்டாம், பிள்ளை அதன் மேலே சாயாவைக் கொட்டினால் வேறு சண்டை வரும்.) இந்த மாதிரி முத்திரை போட்ட தாளில்தான் பத்திரம் எழுதவேண்டும், செய்தித்தாள் அச்சடிக்கவேண்டும், சீட்டுக்கட்டுக்கும் பகடைக்கும்கூட வரி என்று 1765இல் சட்டம் வந்தது. யார் மேல் கை வைத்தார்கள் என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: வக்கீல், பத்திரிகைக்காரன், வியாபாரி, சாராயக்கடையில் சீட்டு விளையாடுகிறவன். ஊரில் வாய் இருக்கிற அத்தனை பேரும்! பாஸ்டனில் முத்திரை விற்க நியமிக்கப்பட்டவரின் கொடும்பாவியை ஆகஸ்ட்டிலேயே ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள், அவர் அந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். அக்டோபரில் 9 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். சட்டம் அமலுக்கு வந்த நாள் நவம்பர் 1, அதைத் தனியாக மனப்பாடம் பண்ணவேண்டாம், நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான், லீவு விடுகிற நாளை எந்தப் பிள்ளை மறக்கும்.

1766 மார்ச்சில் சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். இங்கே நிறையப் பேர் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுகிறார்கள், நீங்கள் தாவாதீர்கள். அதே நாளில் இன்னொரு சட்டம் போட்டார்கள், எந்த விஷயத்திலும் காலனிகளுக்குச் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று. அதாவது ரசீதுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

1767 டவுன்ஷெண்ட் சட்டங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலை எல்லாவற்றுக்கும் இறக்குமதி வரி. பதிலுக்கு இங்கிலாந்துச் சாமான் வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நூல் நூற்றார்கள். காந்தியின் ராட்டையைப் பிள்ளைக்குத் தெரியும், இது அதற்கு நூற்றைம்பது ஆண்டு முந்தியது. 1770இல் பாஸ்டனில் சிப்பாய்கள் சுட்டு 5 பேர் செத்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்காக வாதாடிய வக்கீல் ஜான் ஆடம்ஸ், பின்னால் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியானவர். அதே ஆண்டு மற்ற வரிகளை எடுத்துவிட்டுத் தேயிலை வரியை மட்டும், ராத்தலுக்கு (பவுண்டு எடைக்கு) 3 பென்ஸ், விட்டுவைத்தார்கள்.

இனி சாயா. இந்த இடத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அமெரிக்காவில் நிறையப் பேர் குடித்தது டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்த தேயிலை, குளச்சலில் 1741இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்களே, அந்த டச்சுக்காரர்கள்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்கிலோ விற்காத தேயிலை குவிந்து கிடந்தது, கம்பெனி கடனில். அதைத் தூக்கிவிட 1773இல் தேயிலைச் சட்டம் போட்டு நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதித்தார்கள். கடத்தல் தேயிலையைவிட விலை குறைவு, ஆனால் அந்த 3 பென்ஸ் வரி அப்படியே இருந்தது. பிள்ளை கட்டாயம் கேட்கும், "விலை குறைஞ்சா நல்லதுதானே?" பதில் சொல்லாமல் அந்த ஐம்பது பைசாவை ஞாபகப்படுத்துங்கள், மீதியை அவளே சொல்வாள். டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன்காரர்கள் கப்பலில் ஏறிக் கொட்டியதில் 342 பெட்டி தேயிலை கடலுக்குப் போனது. அது சீனத் தேயிலை, அசாமில் தோட்டம் வந்ததெல்லாம் 1830களில்.

கம்பெனி பெயர் வந்ததும் நம் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். முத்திரைச் சட்டம் வந்த அதே 1765இல்தான் தலக்குளத்தில் வேலுத்தம்பி பிறந்தார். 1805இல் திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற உடன்படிக்கையில் தளவாயாக (தலைமை மந்திரியாக) கையெழுத்துப் போட்டவர், 1809இல் அதே கம்பெனியை எதிர்த்துக் குண்டறையில் அறிக்கை விட்டார். கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள், அந்த மண் வேறு மக்களுடையது, சுதந்திரம் என்று பேசிய பலர் வீட்டில் அடிமைகள் வேலை செய்தார்கள். மேலாடை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை ஆச்சி சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு இந்த முரண்பாடு சட்டென்று பிடிபடும்.

மீதி வேகமாக ஓடும். தேயிலையைக் கொட்டியதற்காக 1774இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள், செப்டம்பரில் 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் கூடின, ஜார்ஜியா மட்டும் வரவில்லை. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, 1776 ஜூலை 4இல் விடுதலை அறிக்கை.

முடிந்தபிறகு தேதி கேட்காதீர்கள், பிள்ளையை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் மருமகள் கேட்டது: "மாமா, லண்டன்ல இவங்களுக்கும் நாலு எம்.பி. குடுத்திருந்தா சண்டையே வந்திருக்காதுல்லா?" நான் சொன்னேன், மக்களே, 1765இல் நியூயார்க்கில் கூடினவர்களே தீர்மானத்தில் எழுதிவிட்டார்கள், நாங்கள் இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு அந்தச் சபையில் பிரதிநிதித்துவம் பெறவே முடியாது என்று. கப்பலில் போய்ச்சேரவே வாரக்கணக்கில் ஆகும். "அப்போ அவங்களுக்கு எம்.பி. வேண்டாம், வரி போடாம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தாள்.