லண்டன் குளோப் அரங்கில் நின்றபடி நாடகம் பார்ப்பது எப்படி?

லண்டனில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறதா? வெஸ்ட் எண்ட் இசை நாடகங்களை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். தேம்ஸின் தென்கரையில் இருக்கும் ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்குக்குப் போங்கள். 1599-ல் கட்டிய பழைய குளோப், 1613-ல் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே, காட்சிக்காக வெடித்த பீரங்கியின் பொறி ஓலைக்கூரையில் பட்டு எரிந்துபோனது. இப்போது இருக்கும் அரங்கை அதே அமைப்பில் கட்டி 1997-ல் திறந்தார்கள். நடுவில் கூரையில்லாத முற்றம். சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். நடிகர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசும் இடம் அதுதான். பெஞ்சில் உட்காரும் டிக்கெட்டுக்குப் பல மடங்கு கொடுத்தாலும் அது கிடைக்காது.

1. டிக்கெட். திறந்தவெளி நாடகங்கள் கோடையை ஒட்டிய மாதங்களில்தான். அரங்கின் சொந்த இணையதளத்தில் ‘யார்ட்’ (முற்றம்) என்ற பகுதியைத் தேர்ந்தெடுங்கள். விலை 5 பவுண்டில் தொடங்கும். இடைத்தரகுத் தளங்கள் வேண்டவே வேண்டாம்.

2. கதை. சில குறிப்பிட்ட காட்சிகள் தவிர, வசனத்தை எழுத்தில் காட்டும் திரை கிடையாது. பழைய ஆங்கிலம் வேகமாக ஓடும். முந்தின நாளே கதைச்சுருக்கத்தைப் படித்து, யாருக்கு யார் என்ன உறவு என்பதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும்.

3. நிற்கும் இடம். பலரும் சறுக்குவது இங்கேதான். முற்றத்தில் இட எண் கிடையாது. முதலில் வருபவருக்கே நல்ல இடம். 45 நிமிடம் முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள். உள்ளே போனதும் எல்லோரும் மேடை விளிம்புக்கு ஓடுவார்கள். கை ஊன்றிச் சாய வசதிதான். ஆனால் மேடை ஏறக்குறைய ஐந்தடி உயரம். இரண்டரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். குள்ளமானவர்களுக்கு மேடையின் பின்பகுதியே தெரியாது. முதுகுவலிக்காரர்கள் பின்பக்க மரத்தடுப்பில் முதுகைச் சாய்த்து நிற்பதே நல்லது. எங்கே நின்றாலும் மேடையின் இரண்டு பெரிய தூண்களும் நேர் பார்வையை மறைக்காதபடி ஓரடி அப்படி இப்படி நகர்ந்து சரிபாருங்கள். நாடகம் தொடங்கியபின் தரையில் உட்கார விடமாட்டார்கள், இடைவேளையில் உட்காரலாம். நடிகர்கள் கூட்டத்துக்கு நடுவே புகுந்து வருவார்கள், வழி விடுங்கள்.

4. மழை. நாடகம் நிற்காது. குடைக்கும் அனுமதியில்லை, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். ஜூலையிலும் இரவு ஒன்பது மணிக்குமேல் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். அடி தடித்த ஷூதான், செருப்பு வேண்டாம்.

5. அதற்கு முன் மாலை. செயின்ட் பால்ஸ் சுரங்க ரயில் ஸ்டேஷனில் இறங்கி, மில்லினியம் பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்தால் எதிரே டேட் மாடர்ன் நவீனக் கலைக்கூடம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமில்லை. அங்கிருந்து குளோப் சில நிமிட நடைதான்.

6. திரும்பி வருவது. வெள்ளி, சனி இரவுகளில் ஜூபிலி லைன் சுரங்க ரயில் இரவு முழுக்க ஓடும். சதக் ஸ்டேஷனிலோ லண்டன் பிரிட்ஜிலோ ஏறலாம்.

பின்சேர்க்கை: லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் வங்கிக் கார்டைத் தட்டியே கட்டணம் செலுத்தலாம். ஆனால் தட்டினால் ஸ்டேஷன் நுழைவுக் கதவு திறக்கவில்லை என்று பலர் கேட்டதால் இது. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் இரண்டும் நாமாக இயக்கும்வரை அணைந்தே இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் இரண்டையும் இயக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஏறும்போது கார்டைத் தட்டிவிட்டு, இறங்கும்போது அதே கார்டு ஏற்றிய போனைத் தட்டாதீர்கள். இயந்திரம் அவற்றை இரண்டு தனித்தனிக் கணக்காக எடுத்துக்கொண்டு, முடியாத பயணம் என்று இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும்.