பழைய டிசைனர் கூலிங் கிளாஸ் வாங்குவது எப்படி: படத்தை நம்பாமல் அளவை நம்புங்கள்

1970கள், 80களில் வந்த டிசைனர் கூலிங் கிளாஸ்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. முதலில் வாங்கியது நெற்றிப்பொட்டை அழுத்தி ஒரு மணி நேரத்தில் தலைவலி கொடுத்தது. இரண்டாவது பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அதன் லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்கவே இல்லை. மூன்றாவதிலிருந்துதான் வழி பிடிபட்டது. இணையத்தில் படம் பார்த்துப் பழைய கண்ணாடி வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வழியை வரிசையாக எழுதுகிறேன்.

எந்த முகத்துக்கு எந்த வடிவம் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. உங்களுக்குப் பிடித்த வடிவம் எதுவோ, அதைத் தேடுங்கள்.

படி 1: பிராண்டை விட, செய்தவர் யார் என்று பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் பலர் நல்ல கண்ணாடியைப் போலி என்று நினைத்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். கிறிஸ்டியன் டியோர் பிரான்ஸ் நாட்டுப் பெயர். ஆனால் அந்தக் காலத்து டியோர் ஃபிரேமைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே 'மேட் இன் ஆஸ்திரியா' என்றும், பக்கத்தில் 'ஆப்டில்' என்றும் இருக்கும். அது சரியான கண்ணாடிதான். ஆடை வடிவமைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் கண்ணாடியைத் தாங்களே செய்வதில்லை. பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தைக் கண்ணாடி செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆப்டில் என்பது 1960களில் ஆஸ்திரியாவின் வில்ஹெல்ம் ஆங்கர் கொண்டுவந்த எப்பாக்ஸி வகைப் பிளாஸ்டிக். அதே ஆங்கர்தான் கரேரா கண்ணாடிகளையும் தொடங்கினார். வழக்கமான அசிடேட் பிளாஸ்டிக்கைவிட ஆப்டில் எடை குறைவு. அதனால்தான் அத்தனை பெரிய ஃபிரேம்களையும் மூக்கு வலிக்காமல் போட்டுக்கொள்ள முடிகிறது.

தேடும்போது 'விண்டேஜ் டிசைனர்' என்று போட்டால் புதிதாகச் செய்த நகல்கள்தான் குவியும். பிராண்ட் பெயரோடு 'ஆப்டில்' என்றோ, மாடல் எண்ணையோ சேர்த்துப் போடுங்கள். விற்காமல் பெட்டியிலேயே கிடந்த பழைய சரக்கை 'டெட்ஸ்டாக்' என்பார்கள். அந்தச் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் யாரும் போடாதது என்பதாலேயே நல்ல நிலையில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

என் கருத்து ஒன்று: முதல் கண்ணாடியாகப் பழைய கார்ட்டியே பக்கம் போகாதீர்கள். தங்க முலாம் பூசிய அந்த ஃபிரேம்களுக்கு ஏகப்பட்ட போலிகள் சுற்றுகின்றன. கை பழகும்வரை ஆப்டில் ஃபிரேம்களில் தொடங்குங்கள்.

படி 2: காம்பின் உள்பக்கத்தைப் படியுங்கள்

காம்பு என்பது காதில் மாட்டும் கை. விற்பவரிடம் இரண்டு காம்புகளின் உள்பக்கத்துக்கும் தெளிவான படம் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை. அந்தச் சிறிய எழுத்துகளில் காலம் ஒளிந்திருக்கும்.

'மேட் இன் டபிள்யூ. ஜெர்மனி' என்று இருந்தால் 1990க்கு முந்தையது. அந்த ஆண்டு அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் ஒன்றாகிவிட்டன. கசால் என்ற ஜெர்மன் பிராண்டின் ஃபிரேம்களை வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். போலி செய்கிறவர்களுக்கும் அது தெரியும் என்பதால், இந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஐரோப்பாவின் 'சிஇ' முத்திரை இருந்தால் அந்தக் கண்ணாடி பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ வந்தது. '70களின் அசல்' என்று சொல்லி விற்கும் ஃபிரேமில் இந்த முத்திரையைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

ரே-பானில் இன்னும் சுலபம். 1999இல் லக்ஸோட்டிகா வாங்கும்வரை அது பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் சரக்கு. அந்தக் காலத்து லென்ஸின் ஓரத்தில், கீலுக்கு அருகில், 'பிஎல்' என்று மிகச் சிறியதாகப் பொறித்திருக்கும். இப்போது வருபவற்றில் 'ஆர்பி'. லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட 10 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைப் பூதக்கண்ணாடி எவ்வளவோ மேல். லென்ஸை மாற்றிப் போட முடியும் என்பதால் ஃபிரேமில் உள்ள முத்திரையையும் ஒத்துப் பாருங்கள். பழைய தங்கநிற ஏவியேட்டரில் '1/10 12கே ஜிஎஃப்' என்று உலோகத்திலேயே அழுத்தியிருப்பார்கள். உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கப் படலம் என்று பொருள்.

எழுத்து அழிந்திருந்தால் போலியா என்று பலரும் கேட்பார்கள். உலோக ஃபிரேமில் அழுத்திய எழுத்து எளிதில் போகாது. பிளாஸ்டிக் காம்பில் மேலே அச்சிட்ட எழுத்து வியர்வையிலும் காதோரத் தலைமுடி எண்ணெயிலும் அழிவது சாதாரணம்.

படி 3: அளவு

நான் தடுக்கி விழுந்த இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

காம்பிலோ மூக்கு மேல் உட்காரும் பிரிட்ஜிலோ 56□16 போல ஒரு எண் இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, இரண்டும் மில்லிமீட்டரில். நடுவிலுள்ள சதுரத்தைப் பூஜ்யம் என்று படித்துவிட வேண்டாம். தனியாக 135, 140 என்று இருந்தால் அது காம்பின் நீளம், காதுக்குப் பின்னால் வளையும் பகுதியையும் சேர்த்து.

இந்த எண்கள் ஒத்துப்போனால் கண்ணாடி பொருந்தும் என்றுதான் நானும் நினைத்தேன். பொருந்தாது. முகத்தில் அழுத்துவதும் தளர்வதும் முன்பக்கத்தின் மொத்த அகலத்தால். லென்ஸ், பிரிட்ஜ், லென்ஸ் மூன்றையும் கூட்டினாலும், இரு ஓரத்திலும் லென்ஸிலிருந்து கீல் வரைக்கும் உள்ள ஃபிரேம் பகுதி அந்தக் கணக்கில் வராது. அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஒரே 52□18 எண்ணுள்ள இரண்டு ஃபிரேம்களை நான் அளந்தபோது மொத்த அகலத்தில் 7 மி.மீ. வித்தியாசம்.

முதலில் வீட்டில் ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் ஒரு கண்ணாடியை எடுத்து, ஒரு கீலின் வெளி ஓரத்திலிருந்து மறு கீலின் வெளி ஓரம் வரை முன்பக்கத்தில் நேர்க்கோட்டில் அளந்து எழுதி வையுங்கள். எனக்கு 136. இரண்டு மூன்று மி.மீ. கூடக்குறைய இருந்தால் சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து, விற்பவரிடம் அந்த அளவைக் கேட்க வேண்டும். நானும் கேட்டேன். மேஜையில் ஸ்கேலை வைத்து, பக்கத்தில் கண்ணாடியை வைத்து, மேலிருந்து படம் எடுத்து அனுப்பினார். படத்தில் ஸ்கேல் 135 காட்டியது. வாங்கினேன். வந்த கண்ணாடியை அளந்தால் 126. அவர் ஏமாற்றவில்லை. கண்ணாடி மடித்த காம்புகளின் மேல் உட்கார்ந்திருந்ததால், அதன் முன்பக்கம் மேஜையைவிட மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. ஸ்கேல் கீழே மேஜையில். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் அல்லவா, அரை மீட்டருக்கும் குறைவான தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த மூன்று சென்டிமீட்டரே 9 மில்லிமீட்டரைக் கூட்டிக் காட்டிவிட்டது.

அதனால் இப்போது கேட்கும்போதே, 'ஸ்கேலை ஃபிரேமின் முன்பக்கத்தைத் தொட்டபடி பிடித்துப் படம் எடுங்கள்' என்று எழுதிவிடுகிறேன். வெர்னியர் காலிப்பர் வைத்திருப்பவரானால் இன்னும் நல்லது, அதன் தாடைகளுக்கு நடுவே ஃபிரேமைப் பிடித்தால் குழப்பத்துக்கு இடமில்லை. நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். துணி தைக்கும் டேப்பால் அளந்து சொல்கிறவர்களின் எண்ணை நம்பாதீர்கள், டேப் ஃபிரேமின் வளைவோடு போய் அளவைக் கூட்டிவிடும்.

படி 4: பொருளின் நிலை

கேட்க வேண்டியவை மூன்று. கீல் இரண்டிலும் விரிசல் உண்டா? லென்ஸில் கீறலா, பூச்சில் சிலந்தி வலை போன்ற வெடிப்பா? கண்ணாடியை மேஜையில் தலைகீழாக வைத்தால் ஆடுகிறதா? ஆட்டத்தைச் சரிசெய்யலாம். கீறலுள்ள லென்ஸை மாற்றலாம். கீல் பதிந்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

திருகாணியைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருப்பது செம்பு கலந்த உலோகத்தின் களிம்பு. சோப்புத் தண்ணீரும் மென்மையான பல் பிரஷும் போதும். அதற்கு அடியில் முலாம் குழி குழியாக அரித்திருந்தால் மட்டும் பழைய நிலைக்கு வராது.

அசிடேட் ஃபிரேமில் காதோரம் வெள்ளை பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், பாலிஷ் போட்டால் போய்விடும். ஆனால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் கதையே வேறு. அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அந்த வாடைதான் அது. டெட்ஸ்டாக் பெட்டிகளில் இது அதிகம், காற்றுப் புகாமல் பல ஆண்டுகள் மூடியே கிடந்ததால். அப்படி ஒன்று வந்தால் மற்றக் கண்ணாடிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். வாங்கும் முன்பே 'வாடை ஏதும் உண்டா' என்று கேட்டுவிடுங்கள்.

படி 5: லென்ஸ் கண்ணைக் காக்குமா?

இதை யாரும் விட்டுவிடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கறுப்பாக இருப்பதற்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கும் சம்பந்தமில்லை. கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிந்துகொள்ளும். லென்ஸ் அந்தக் கதிரைத் தடுக்காவிட்டால், விரிந்த பாவை வழியாக அதிகமாகவே உள்ளே போகும்.

வீட்டில் ஒரு முதல் சோதனை செய்யலாம். யூவி (புற ஊதா) டார்ச், ஒரு பணநோட்டு, இருட்டான அறை. டார்ச்சை நோட்டின் மேல் நேரடியாக அடித்தால் நோட்டிலுள்ள பாதுகாப்பு இழைகள் பளிச்சென்று ஒளிரும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடியுங்கள். நோட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், லென்ஸ் வழியாகப் பார்க்காதீர்கள். ஒளிர்வது அடங்கிவிட்டால் லென்ஸ் தடுக்கிறது. தொடர்ந்து ஒளிர்ந்தால் தடுக்கவில்லை. என் இரண்டாவது கண்ணாடியில், லென்ஸ் நடுவில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு அந்த இழைகள் மின்னின. டார்ச் வெளிச்சம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தீர்ப்பு கண்ணாடிக் கடையிலுள்ள யூவி மீட்டரிடம்தான். பல கடைகளில் ஒரு நிமிடத்தில் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். தேறாவிட்டால் ஃபிரேமைத் தூக்கிப் போட வேண்டாம். 'யூவி 400', அதாவது 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லென்ஸை அதே நிறத்தில் வெட்டிப் போடச் சொல்லுங்கள். மேலே அடர்த்தியாகவும் கீழே வெளிறியும் போகும் 70களின் நிறத்தைக்கூட ஓரளவு கொண்டுவந்துவிடுகிறார்கள். பழைய லென்ஸை மெல்லிய காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் விற்க நேர்ந்தால், வாங்குகிறவர் அதையும் கேட்பார்.

படி 6: கைக்கு வந்த பிறகு

காம்பை வெறும் கையால் வளைக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் 'டக்' என்று போய்விடும். கண்ணாடிக் கடையில் சூடுபடுத்தி வளைத்துத் தருவார்கள். ஆப்டில் என்றால் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். சூடு ஏறினால் அச்சில் வார்த்தபோது இருந்த வடிவத்துக்கே திரும்பும் குணம் அதற்கு உண்டு. யாரோ முப்பது வருடம் முன்பு தன் காதுக்கு வளைத்து வைத்த வளைவு, சூடான காற்றில் மெதுவாக அவிழ்ந்து நேராவதை ஒருமுறை கடைக்காரரின் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்புறம் என் காதுக்கு வளைத்துக் கொடுத்தார், ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு.

அதே காரணத்துக்காக வெயிலில் நிற்கும் காருக்குள் இவற்றை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை 1: யூவி டார்ச் சோதனையில் தன்னிடமுள்ள எல்லாக் கண்ணாடிகளும், போன மாதம் வாங்கிய புதியது உட்பட, தேறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். டார்ச்சின் அலைநீளத்தைக் கேட்டேன், 395 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் விளிம்பிலேயே இருக்கிறது. அதன் வெளிச்சத்தில் ஒரு பகுதி 400ஐத் தாண்டிய ஊதா ஒளி, அதை நல்ல லென்ஸ்கூட விட்டுவிடலாம். 365 நானோமீட்டர் டார்ச்சையே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்சேர்க்கை 2: எண் முழுக்க அழிந்த ஃபிரேமுக்கு என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். லென்ஸின் மிக அகலமான இடத்தைப் படுக்கைவாட்டில் அளந்தால் முதல் எண். இரு லென்ஸும் மிக நெருங்கி வரும் இடத்தின் இடைவெளி இரண்டாவது. ஆனால் கீலுக்குக் கீல் அளவு கிடைத்துவிட்டால் இந்த இரண்டும் இல்லாமலே நான் வாங்கிவிடுவேன்.